தொரப்பள்ளியில் தோன்றிய மூதறிஞர்

ஓசூர் என்றதும் இன்று தொழிற்சாலைகளும் கர்நாடக எல்லைச் சாவடியுமே நினைவிற்கு வருகின்றன. அந்நகரை அடுத்த தொரப்பள்ளி என்னும் சிற்றூரில் 1878 டிசம்பர் 10ஆம் நாள் பிறந்தவர் இராஜாஜி. தந்தையார் அவ்வூர் முனிசீப். ஓசூரிலும் பெங்களூரிலும் பயின்று, சென்னையில் சட்டம் கற்று, 1900இல் சேலத்தில் வழக்கறிஞரானார். பெரும்பொருள் ஈட்டித் தந்த அத்தொழிலை ஒத்துழையாமை இயக்கத்தின்போது துறந்தார்.

அவருடைய போராட்ட வாழ்வின் உச்சம் 1930ஆம் ஆண்டின் உப்புச் சத்தியாக்கிரகமே. ஏப்ரல் 13, சித்திரை பிறந்த நாளில், ஏறத்தாழ 100 தொண்டர்களுடன் திருச்சியிலிருந்து வேதாரணியம் நோக்கி நடக்கத் தொடங்கினார். அப்போது அகவை ஐம்பத்தொன்று; உடலோ மெலிந்தது. தொண்டர்க்கு உணவோ உறைவிடமோ அளிப்போர் தண்டிக்கப்படுவர் எனத் தஞ்சை மாவட்ட ஆட்சியர் தார்ன் ஆணை பிறப்பித்தார். மக்கள் வாதாடவில்லை. வழிநெடுக மரக்கிளைகளில் சோற்றுப் பொட்டலங்களைக் கட்டித் தொங்கவிட்டனர். யார் கட்டினார் என்று எந்தக் காவலரால் சொல்ல இயலும்? இரண்டு வாரத்திற்கும் மேலான அந்நடைக்குப்பின், ஏப்ரல் 30 அன்று உப்புச் சட்டத்தை மீறிச் சிறை புகுந்தார்.

1937இல் அவரே சென்னை மாகாணத்தின் பிரதமரானார். அவ்வாண்டு அக்டோபர் முதல் நாள், ஓசூரும் கிருஷ்ணகிரியும் அடங்கிய அன்றைய சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு நடைமுறைக்கு வந்தது. கள்ளுக்கடை வருவாயை இழக்கத் துணிந்த அந்தச் செயலைப் போற்றுவோர், அடுத்த ஆண்டு நிகழ்ந்ததையும் மறைத்தல் முறையன்று. 1938இல் 125 பள்ளிகளில் இந்தி கட்டாயப் பாடமாக்கப்பட்டது. எதிர்த்து மறியல் செய்தோர் ஆயிரத்திற்கும் மேற்பட்டோர் கைதாயினர், பெரியாரும் சிறைப்பட்டார். காவலில் நோயுற்ற நடராசனும் தாளமுத்துவும் 1939இல் மாண்டனர். காங்கிரசார் நெடுநாள் பழித்துவந்த குற்றவியல் திருத்தச் சட்டமே மறியலாளர்மீது ஏவப்பட்டது என்பதுதான் வேதனை. மரத்தில் சோறு தொங்கிய சாலையில் நடந்தவர்க்கு இஃது எங்ஙனம் இயன்றது என்னும் வினா அவர் வாழ்வை எழுதுவோர் எவராலும் தவிர்க்க இயலாதது. அவர் பதவி விலகியபின், 1940 பிப்ரவரியில் அவ்வாணை திரும்பப் பெறப்பட்டது.

பின்னர் விடுதலை இந்தியாவின் தலைமை ஆளுநராகவும் விளங்கினார். 1953இல் கொணர்ந்த கல்வித் திட்டம் மீண்டும் பெரும் எதிர்ப்பைக் கிளப்ப, மறு ஆண்டில் முதலமைச்சர் பதவியை விட்டு விலகினார். 1959இல், எண்பதாம் அகவையில், சுதந்திராக் கட்சியைத் தொடங்கி, தாம் வளர்த்த காங்கிரசையே எதிர்த்தார். 1965இல் மாணவர் கிளர்ச்சி மூண்டபோது, இந்தியைத் தனி ஆட்சிமொழியாக்குவதை எதிர்த்தோர் பக்கம் நின்றார். ஒருகாலத்தில் தாம் சிறையிட்டோரின் வழிவந்தவர்களே அவர்கள். 1972 டிசம்பர் 25 அன்று சென்னையில் காலமானார். தொரப்பள்ளியில் அவர் பிறந்த இல்லம் நினைவிடமாக உள்ளது.