பொறி பிறக்கும் வேளை

கோவைக்கு அருகே கலங்கல் என்னும் சிற்றூரில் 1893-இல் பிறந்தவர் ஜி. டி. நாயுடு. பள்ளிப் படிப்பு அவருக்கு ஒட்டவில்லை. ஆங்கில அதிகாரி ஒருவர் ஓட்டி வந்த ரட்ஜ் மோட்டார் சைக்கிளே அவருக்குப் பள்ளியாயிற்று. கோவையில் ஓர் ஓட்டலில் வேலை பார்த்துக் காசு சேர்த்து, அந்த வண்டியையே விலைக்கு வாங்கினார். பாகம் பாகமாகப் பிரித்து மீண்டும் பூட்டினார்.

அதன் அருமையைப் பௌதிகம் பயிலும் நான் அறிவேன். பெட்ரோல் ஆவி எரியச் சிறிது நேரம் வேண்டும். ஆகவே பிஸ்டன் உச்சியை எட்டுவதற்குச் சில பாகை முன்பே பொறி பிறக்க வேண்டும். மிக முந்தினால் எஞ்சின் தட்டும். பிந்தினால் வலு குன்றும், சூடேறும். இன்று பழைய வண்டிகளுக்கும் மின்னணுப் பற்றவைப்பு பொருத்துகிறார்கள். தேயும் பாயிண்ட் அதில் இல்லை. தகட்டைச் சற்றே திருப்பி, ஸ்ட்ரோப் விளக்கொளியில் குறிகளை நேராக்குகிறார்கள். அன்று அவருக்குத் துணை கண்ணும் காதும் விரலுமே.

பின்னர் பருத்தி வாணிபத்தில் ஈட்டிய பொருளை நம் பம்பாயில் இழந்தார். ஆயினும் சோரவில்லை. 1920-இல் பொள்ளாச்சி–பழனி சாலையில் ஒரே ஒரு பஸ்ஸுடன் தொடங்கினார், அது யு. எம். எஸ். நிறுவனமாய் வளர்ந்தது. 1937-இல் அவர் முயற்சியால் கோவையில் மின்மோட்டார் உருவாயிற்று. 1945-இல் தொழிற்கல்விக்கூடம் கண்டார். 1974-இல் மறைந்தார்.

மாதுங்காவிலும் தாராவியிலும் செம்பூரிலும் வாழும் மாணவ நண்பர்களே! பட்டம் நமக்குக் கிடைத்துவிடும். பொறியைப் பிரித்துப் பார்க்கும் துணிவை நாமே தேடிக்கொள்ள வேண்டும்.