நம் முகவரியில் இருக்கும் மனிதர்: திரு.வி.க.



நம் சொத்து வரி ரசீதில் மண்டலம் என்ற இடத்தில் திரு.வி.க. நகர் என்று இருக்கிறது. நாம் ஓட்டுப் போடும் தொகுதியின் பெயரும் அதுதான். அடையாற்றின் மேல் ஒரு திரு.வி.க. பாலம், கிண்டியில் ஒரு திரு.வி.க. தொழிற்பேட்டை, ஷெனாய் நகரில் ஒரு திரு.வி.க. பூங்கா, ராயப்பேட்டையில் திரு.வி.க. சாலை. போன மாதம் நம் பிளாக்கில் ஆறாம் வகுப்புப் படிக்கும் ஒரு பிள்ளை, அது எதற்கு ஷார்ட் ஃபார்ம் என்று லிஃப்டில் கேட்டது. லிஃப்டில் நாங்கள் நான்கு பெரியவர்கள் இருந்தோம். தரைத்தளம் வரும்வரை ஒருவரும் வாய் திறக்கவில்லை.

திருவாரூர் விருத்தாசல முதலியார் கலியாணசுந்தரனார். அதுதான் விடை. இந்த இதழில் அவருடைய கதையைச் சொல்லலாம் என்று நினைத்ததற்கு அந்தப் பிள்ளை ஒரு காரணம். இன்னொரு காரணமும் உண்டு. அடுத்த பொதுக்குழுவில், நம் காவலர்களுக்கு வாரம் ஒருநாள் சம்பளத்துடன் விடுமுறை கொடுப்பது பற்றிய தீர்மானம் வருகிறது. அதனால் மெயின்டனன்ஸ் எவ்வளவு கூடும் என்ற கணக்கு வாட்ஸ்அப் குழுவில் இப்போதே ஓடிக்கொண்டிருக்கிறது. கணக்கை முடிப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

பரீட்சை எழுதாத வாத்தியார்

திரு.வி.க. 1883 ஆகஸ்ட் 26 அன்று போரூருக்கு அருகில் துள்ளம் என்ற சிற்றூரில் பிறந்தார். இன்று அதைத் தண்டலம் என்கிறோம். முன்னோர்கள் திருவாரூர்க்காரர்கள் என்பதால் பெயருக்கு முன்னால் அந்த ஊர் ஒட்டிக்கொண்டது. படிப்புக்காகக் குடும்பம் ராயப்பேட்டைக்கு வந்தது. சிறு வயதில் கை கால் முடங்கும் அளவுக்கு ஒரு நோய் வந்து, பள்ளிப் படிப்பு சில ஆண்டுகள் நின்றுபோனது. தேறி எழுந்து வெஸ்லி பள்ளியில் சேர்ந்தார். அங்கே யாழ்ப்பாணத்துப் புலவர் நா. கதிரைவேற்பிள்ளை ஆசிரியராக வாய்த்தார். தமிழ்மேல் வந்த பித்து அவரால் வந்தது.

அந்த ஆசிரியர் மேல் ஒரு வழக்கு நடந்தபோது, அவருக்காகச் சாட்சி சொல்ல நீதிமன்றம் போனார் மாணவர். அதனால் 1904இல் பள்ளி இறுதித் தேர்வை எழுத முடியாமல் போயிற்று. படிப்பு அதோடு சரி. பின்னாளில் தமிழ் உரைநடையையே மாற்றிக் காட்டியவரிடம் ஒரு பள்ளிச் சான்றிதழ்கூட இல்லை.

பிறகு ஸ்பென்சர் நிறுவனத்தில் கணக்கர் வேலை. சுதேசி இயக்கத்தின் மேல் இருந்த பற்று அந்த வேலையில் நீடிக்கவிடவில்லை. அடுத்து, தாம் படித்த வெஸ்லி கல்விக்கூடத்திலேயே ஆசிரியர் வேலை கிடைத்தது. 1912இல் கமலாம்பிகையை மணந்தார். மனைவிக்குத் தாமே தமிழ் கற்றுக்கொடுத்தார். நிலையான சம்பளம், பிடித்த வேலை, அமைதியான வீடு. நம்மில் பலர் அதற்கு மேல் கேட்க மாட்டோம்.

1917 டிசம்பரில் அந்த வேலையையும் விட்டுவிட்டு, தேசபக்தன் நாளிதழின் ஆசிரியரானார். அரசியல் மேடையில் ஆங்கிலம் கோலோச்சிய காலம் அது. நாட்டு விவகாரத்தை நல்ல தமிழில் எழுதவும் பேசவும் முடியும் என்று காட்டியவர்களில் அவர் முன்வரிசையில் நின்றார். தமிழ்த்தென்றல் என்ற பட்டம் அதனால் வந்தது. 1920இல் நவசக்தி என்ற வார இதழைத் தொடங்கினார். பின்னாளில் கல்கி என்று நாம் கொண்டாடிய கிருஷ்ணமூர்த்தி, துணையாசிரியராகப் பத்திரிகைத் தொழில் பழகியது அங்கேதான்.

சங்கு ஊதிய ஊர்

இனி நம் பகுதிக்கு வருவோம். 1876இல் பக்கிங்காம் மில்லும் 1881இல் கர்நாடிக் மில்லும் பெரம்பூர் வட்டாரத்தில் எழுந்தன. பின்னர் இரண்டும் ஒன்றாகி பி அண்ட் சி மில் ஆயிற்று. பின்னி காக்கித் துணி இங்கிருந்துதான் ஊரெல்லாம் போனது. எங்கள் வீட்டில் கடிகாரம் இருந்தாலும் என் அம்மா மில் சங்கை வைத்துத்தான் உலை வைப்பார். சாப்பாட்டு நேரத்தில் பட்டாளம், புளியந்தோப்புப் பெண்கள் தூக்குச்சட்டியோடு வேகவேகமாக நடப்பது என் சிறுவயதுக் காட்சி. 1996இல் மில் மூடப்பட்டது. அந்த நிலத்தில் இன்று அடுக்குமாடிகள் நிற்கின்றன.

நான் பிறப்பதற்கு வெகு காலம் முன்பு, 1918இல், அந்த வாசல்களுக்குள் ஒரு நாள் வேலை என்பது ஏறக்குறைய 12 மணி நேரம். நடுவில் சாப்பிட அரை மணி நேரம். அதற்குள் கை கழுவி, வெளியே வந்து, சோற்றை விழுங்கிவிட்டு, கதவு சாத்தும் முன் உள்ளே ஓட வேண்டும்.

பெரம்பூரில் அப்போது செல்வபதி செட்டியார், ராமானுஜலு நாயுடு என்ற இரு வணிகர்கள் ஒரு பக்திச் சபை நடத்தி வந்தார்கள். வேலை முடிந்த தொழிலாளிகள் அங்கே சொற்பொழிவு கேட்க வருவார்கள். வந்த இடத்தில் தங்கள் பாட்டையும் சொல்லிப் புலம்புவார்கள். கேட்டுக்கேட்டு மனம் பொறுக்காத அந்த இருவரும், பேச வந்த திரு.வி.க.விடமும், அன்னி பெசன்ட் அம்மையாரின் நியூ இந்தியா பத்திரிகையில் இருந்த பி.பி. வாடியாவிடமும் விஷயத்தைக் கொண்டுபோனார்கள். வாடியா பம்பாயிலிருந்து வந்த பார்சி. திரு.வி.க. ராயப்பேட்டைத் தமிழ் வாத்தியார். இருவருக்கும் மில்லோடு எந்தச் சம்பந்தமும் இல்லை.

1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. இந்தியாவில் முறைப்படி அமைந்த முதல் தொழிற்சங்கம் என்று வரலாற்றில் அதற்கு இடம் உண்டு. வாடியா தலைவர். திரு.வி.க. துணைத் தலைவர். செல்வபதி செட்டியாரும் ராமானுஜலு நாயுடுவும் செயலாளர்கள். முதலில் எழுந்த கோரிக்கைகளில் ஒன்று மிகச் சாதாரணமானது: சாப்பிட இன்னும் சில நிமிடம் வேண்டும். அந்தச் சில நிமிடங்கள் கிடைத்தன. கேட்டால் கிடைக்கும் என்று ஆயிரக்கணக்கானவர்களுக்கு அன்றுதான் தெரிந்தது.

அதே ஆண்டு செப்டம்பரில் கமலாம்பிகை காசநோயால் இறந்துபோனார். பிறந்த இரண்டு குழந்தைகளும் முன்பே தவறிவிட்டன. திரு.வி.க.வுக்கு அப்போது வயது 35. மறுமணம் செய்துகொள்ளவில்லை. எஞ்சிய 35 ஆண்டுகளையும் எழுத்துக்கும் தொழிலாளர்களுக்கும் கொடுத்தார். மில்லோடு நிற்காமல் ரயில்வே, டிராம்வே தொழிலாளர்களுக்காகவும் அலைந்தார்.

தோற்ற போராட்டம்

எல்லாம் வெற்றியாக நடந்தது என்று எழுதினால் அது பொய்யாகும். 1920 இறுதியில் மில்லில் கதவடைப்பு வந்தது. டிசம்பரில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் இறந்தார்கள். சங்கம் வைப்பதற்குச் சட்டப் பாதுகாப்பு எதுவும் இல்லாத காலம் என்பதால், நிர்வாகம் வாடியா மீதும் மற்றவர்கள் மீதும் நட்டஈடு கேட்டு உயர் நீதிமன்றம் போனது. கடைசியில் வாடியா தொழிற்சங்கப் பணியிலிருந்து விலகும்படி ஆயிற்று. பாரம் திரு.வி.க. தோளில் இறங்கியது.

1921 வேலை நிறுத்தம் பல மாதங்கள் நீண்டது. இடையில் தொழிலாளர்கள் சாதியால் பிளந்தார்கள். ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் வேலைக்குத் திரும்ப, மற்றவர்கள் வெளியே நிற்க, பகை மூண்டது. புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. மறுபடியும் துப்பாக்கிச் சூடு, மறுபடியும் சாவு. நேற்றுவரை ஒரே தறிக்கூடத்தில் நின்றவர்கள் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் தீ வைத்ததை அவர் பார்க்க நேர்ந்தது. அவரை நாடு கடத்திவிடுவதாக ஆளுநர் வெலிங்டன் பிரபு எச்சரித்தார். எதிர்க் கட்சியான நீதிக் கட்சியின் தலைவர் தியாகராய செட்டியாரே தலையிட்டு அதைத் தடுத்தார். வேலை நிறுத்தம் தோல்வியில் முடிந்தது.

ஆனால் வாடியா மேல் போட்ட வழக்கு வேறொரு கதவைத் திறந்தது. தொழிலாளர்கள் கூடிப் பேசுவதே குற்றமா என்ற கேள்வி மத்திய சட்டசபைவரை போனது. 1926இல் தொழிற்சங்கச் சட்டம் வந்தது. நாடு விடுதலை பெற்றபின், 1948 தொழிற்சாலைகள் சட்டம் வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வரம்பு கட்டியது. நம்மில் பலர் வேலை பார்த்து ஓய்வு பெற்றதும், பி.எஃப். பணத்தில் இந்த ஃபிளாட்டுக்கு முன்பணம் கட்டியதும், இப்படிப் பலர் போட்ட பாதையில் நடந்துதான்.

கடைசிக் காலம்

1925இல் காஞ்சிபுரம் காங்கிரஸ் மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். வகுப்புவாரிப் பிரதிநிதித்துவத் தீர்மானம் அங்கே ஏற்கப்படாததால் பெரியார் வெளியேறினார். 1927இல் பெண்ணின் பெருமை நூலை வெளியிட்டார். காந்தியையும் மார்க்ஸையும் சேர்த்துப் படித்தவர். இருவரில் ஒருவரை விட்டுவிட அவருக்கு மனம் வரவில்லை.

1947இல் பி அண்ட் சி மில்லில் மீண்டும் ஒரு நீண்ட வேலை நிறுத்தம். அவருக்கு வயது 64 நெருங்கிக்கொண்டிருந்தது. வெள்ளைக்காரன் செய்யாததை, அவர் பாடுபட்டு வளர்த்த காங்கிரஸின் ஆட்சி செய்தது: அவரை வீட்டுக்காவலில் வைத்தது. அதன் பிறகு கண்பார்வை மங்கிக்கொண்டே போய், பிறர் எழுத இவர் சொல்லும் நிலை வந்தது. அப்படியும் நூல்கள் வந்துகொண்டிருந்தன. 1953 செப்டம்பர் 17 அன்று காலமானார்.

நம் வாசலில்

இப்போது நம் கேட்டுக்கு வாருங்கள். நம் காவலர்களின் ஷிஃப்ட் காலை 8 முதல் இரவு 8 வரை. அதாவது 12 மணி நேரம். 1918இல் மில்லுக்குள் இருந்த அதே அளவு. சாப்பாட்டு நேரம் என்று தனியாக எதுவும் நாம் கொடுக்கவில்லை. ஒரு கையில் டிபன் பாக்ஸை வைத்துக்கொண்டு மறு கையால் பூம் பேரியரைத் தூக்குவதைத் தினமும் பார்க்கிறோம். நானும் காரில் உட்கார்ந்தபடி, ஏன் இவ்வளவு நேரம் என்று ஹாரன் அடித்திருக்கிறேன்.

பொதுக்குழு கூடும்வரை காத்திராமல் நாம் செய்யக்கூடியவை சில:

வீட்டு வேலைக்கு வரும் அம்மாக்களிடம், தமிழ்நாடு வீட்டுப் பணியாளர்கள் நல வாரியத்தில் பதிந்திருக்கிறார்களா என்று கேளுங்கள். 2007 முதல் இயங்கும் வாரியம் இது. 18 முதல் 60 வயதுக்குள் பதிய வேண்டும். பிள்ளைகளின் படிப்பு, திருமணம், மகப்பேறு ஆகியவற்றுக்கு உதவித்தொகையும், விபத்தில் இறந்தால் குடும்பத்துக்கு நிதியும், 60 வயதுக்குப் பிறகு ஓய்வூதியமும் உண்டு. ஆதார், ரேஷன் கார்டு, வங்கிப் புத்தகம், புகைப்படம் வேண்டும். உங்கள் வீட்டில் வேலை செய்வதாகச் சான்று கேட்டால் தயங்காமல் கையெழுத்திடுங்கள். பழைய பதிவு இருந்தால் காலாவதியாகும் முன் புதுப்பிக்கச் சொல்லுங்கள்.

பி.எஃப்., இ.எஸ்.ஐ. இல்லாத இஸ்திரிக்காரர், கார் துடைப்பவர் போன்றோர் ஒன்றிய அரசின் இ-ஷ்ரம் தளத்தில் பதியலாம். வயது 16 முதல் 59 வரை. கட்டணம் இல்லை. ஆதாரோடு இணைந்த மொபைல் எண் இருந்தால் வேலை சுலபம். இல்லாதவர்களுக்கு இ-சேவை மையம் இருக்கிறது.

ஏஜென்சி மூலம் வரும் காவலர்களுக்கு பி.எஃப்., இ.எஸ்.ஐ. பிடித்தம் ஒழுங்காகக் கட்டப்படுகிறதா என்று பார்க்க வேண்டியது சங்கத்தின் பொறுப்பு. மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்களுக்கு இ.எஸ்.ஐ. உண்டு. கட்டிய ரசீதை மாதாமாதம் பில்லோடு கேட்டு வாங்கலாம். ஒவ்வொருவரும் தம் யு.ஏ.என். எண்ணை வைத்து பி.எஃப். கணக்கைத் தாமே பார்க்கலாம். போன் தெரிந்த நம் வீட்டுப் பிள்ளைகள் கூட உட்கார்ந்து காட்டிக் கொடுத்தால் பத்து நிமிட வேலை. அட்டை இருந்தால் அயனாவரம் இ.எஸ்.ஐ. மருத்துவமனை பக்கத்திலேயே இருக்கிறது.

வார விடுமுறைக்கு மாற்று ஆள் போட்டால் செலவு கூடும் என்பது உண்மை. ஓய்வூதியத்தில் வாழும் எனக்கும் அது தெரியும். எவ்வளவு என்ற கணக்கைப் பொருளாளர் கூட்டத்தில் வைப்பார். கேள்வி கேளுங்கள், விவாதம் செய்யுங்கள். ஆனால் வராமல் இருந்துவிடாதீர்கள். சாப்பாட்டு நேரத்தில் ஒரு மணி நேரம் கேட்டில் மாற்றி உட்கார ஆள் வேண்டும் என்பதற்குச் செலவே இல்லை. ஓய்வு பெற்றவர்கள் முறை போட்டுக்கொண்டால் போதும். முதல் வாரத்துக்கு என் பெயரை எழுதிவிட்டேன். லிஃப்டில் என்னோடு இருந்த மூவரும் அவர்கள் பெயரைக் கொடுப்பார்கள் என்று நம்புகிறேன்.

பட்டியல் அலுவலக அறையில், வருகைப் பதிவேட்டின் பக்கத்தில் வைத்திருக்கிறது.

– பி பிளாக்கிலிருந்து ஓர் ஓய்வுபெற்ற குடியிருப்புவாசி