நான்கு கண்டங்களைப் பொம்மையாக்கிய சிற்பி

கொலு பொம்மைக்குப் பெயர் பெற்றது பண்ருட்டி. பீங்கான் பொருள்களுக்குப் பெயர் பெற்றது விருத்தாசலம். இரண்டும் கடலூர் மாவட்டத்து ஊர்கள்.

ஐரோப்பாவில் பீங்கான் பொம்மைக்குப் பெயர் வாங்கித் தந்தவர் கேண்ட்லர். ஜெர்மனி நாட்டில் 1706-ம் ஆண்டில் பிறந்தார். தந்தை பாதிரியார். மகனோ சிற்ப வேலை கற்றார். அவருடைய திறமையை மன்னர் அகஸ்டஸ் கண்டார். மைசன் நகரத்துப் பீங்கான் தொழிற்சாலையில் 1731-ல் வேலை கொடுத்தார்.

ஒட்டகத்தில் ஆசியா

1745-ம் ஆண்டு வாக்கில், நான்கு கண்டங்களையும் மனித உருவில் பொம்மைகளாக்கினார் கேண்ட்லர். ஐரோப்பாவுக்குக் குதிரை, ஆசியாவுக்கு ஒட்டகம், ஆப்பிரிக்காவுக்குச் சிங்கம், அமெரிக்காவுக்கு முதலை வாகனம் ஆயின. ஆஸ்திரேலியா அன்று கண்டங்களின் கணக்கில் சேரவில்லை.

பெரிய கனவு

கேண்ட்லருக்கு ஓர் ஆசை. அடுத்த மன்னர் மூன்றாம் அகஸ்டஸ் குதிரை மேல் அமர்ந்திருக்கும் மாபெரும் சிலையைப் பீங்கானிலேயே செய்ய விரும்பினார். சூளையில் பீங்கான் சுருங்கும். பெரிய உருவம் வெடித்துவிடும். ஆனாலும் அவர் தளரவில்லை. 1753-ல் சிறிய மாதிரியைச் செய்து முடித்தார்.

1756-ல் போர் மூண்டது. பிரஷ்யப் படை மைசனைப் பிடித்தது. (அதே ஏழாண்டுப் போரில்தான், 1758-ல் கடலூரின் புனித டேவிட் கோட்டையைப் பிரெஞ்சுப் படை கைப்பற்றியது.) 1763-ல் போர் முடிந்தது. அதே ஆண்டில் மன்னரும் இறந்தார். பெரிய சிலை எழும்பவே இல்லை.

1775-ல் கேண்ட்லர் காலமானார். அவருடைய சிறிய பொம்மைகளை இன்றும் அருங்காட்சியகங்களில் காணலாம். மைசன் தொழிற்சாலையும் இன்று வரை நடக்கிறது.