ஃபெலிக்ஸ் கிளைன்

ஃபெலிக்ஸ் கிளைன் (ஏப்ரல் 25, 1849 – ஜூன் 22, 1925) ஜெர்மனி நாட்டைச் சேர்ந்த கணிதவியலர். வடிவியலைக் குலக் கோட்பாட்டின் வழியே ஒருங்கிணைத்த எர்லாங்கென் திட்டத்திற்காகவும், உள், வெளி என்ற பாகுபாடு இல்லாத கிளைன் குப்பி என்னும் பரப்பிற்காகவும் இவர் பெரிதும் அறியப்படுகிறார். பள்ளிக் கணிதப் பாடத்திட்டத்தைச் சீரமைக்கப் பாடுபட்டவர்களுள் இவர் முன்னோடியாவார்.

இளமையும் ஆய்வும்

கிளைன் டுசல்டார்ஃப் நகரில் பிறந்தார். பான் பல்கலைக்கழகத்தில் யூலியஸ் புளூக்கரின் உதவியாளராகப் பணியாற்றி, 1868 இல், தமது 19 ஆம் வயதில், முனைவர் பட்டம் பெற்றார். 1872 இல், 23 வயதிலேயே, எர்லாங்கென் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். ஒரு குறிப்பிட்ட உருமாற்றக் குலத்தின்கீழ் மாறாமல் நிற்கும் பண்புகளை ஆராய்வதே ஒரு வடிவியல் என்னும் கருத்தை அவ்வாண்டில் வெளியிட்டார். 1875 இல் மெய்யியலாளர் ஹெகலின் பேத்தியான அன்னா ஹெகலை மணந்தார்.

1880 இல் லைப்சிக் சென்றார். அங்கு தன்னுருச் சார்புகளைப் பற்றிய ஆய்வில் பிரான்சு நாட்டின் ஹென்றி பாயின்கரேயுடன் கடும் போட்டி ஏற்பட்டது. அளவுக்கு மீறிய உழைப்பால் 1882 இல் இவரது உடல்நலம் குலைந்தது, மனச்சோர்வும் தொடர்ந்தது. தமது படைப்பாற்றல் மிக்க ஆய்வுக்காலம் அத்துடன் முடிந்துவிட்டதாகவே பின்னாளில் இவர் கருதினார்.

கோட்டிங்கென்

1886 இல் கோட்டிங்கென் பல்கலைக்கழகத்தில் சேர்ந்த கிளைன், கற்பித்தலிலும் நிறுவனங்களைக் கட்டியெழுப்புவதிலும் தம் ஆற்றலைச் செலுத்தினார். 1895 இல் டேவிட் ஹில்பர்ட்டை அங்கு வரவழைத்தார். பிரஷ்யப் பல்கலைக்கழகங்களில் பெண்கள் முறைப்படி மாணவராகச் சேர 1908 வரை உரிமை இல்லை. ஆயினும் இங்கிலாந்தைச் சேர்ந்த கிரேஸ் சிஷோம் 1895 இல் இவரது வழிகாட்டலில் முனைவர் பட்டம் பெற்றார்.

பாடத்திட்டச் சீரமைப்பு

பள்ளிக்கும் பல்கலைக்கழகத்திற்கும் இடையே ஓர் இரட்டை முறிவு இருப்பதைக் கிளைன் சுட்டிக்காட்டினார். பல்கலைக்கழகத்தில் நுழையும் மாணவர், பள்ளியில் கற்றதற்கு அங்கு தொடர்பேதும் இல்லாததைக் காண்கிறார். அவரே பின்னர் ஆசிரியராகிப் பள்ளிக்குத் திரும்பும்போது, பல்கலைக்கழகத்தில் கற்றதை மறந்து, பழைய பாடத்தைப் பழைய முறையிலேயே நடத்துகிறார். இதனால் உயர்கணிதத்தின் வளர்ச்சி வகுப்பறையை எட்டுவதேயில்லை.

இம்முறிவைச் சரிசெய்யச் சார்பு என்னும் கருத்தைப் பள்ளிக் கணிதத்தின் மையமாக்க வேண்டும் என்று கிளைன் வலியுறுத்தினார். எடுத்துக்காட்டாக, முக்கோணத்தின் பரப்பளவை வாய்பாட்டினால் கணக்கிடுவதோடு நிறுத்தாமல், அடிப்பக்கம் மாறாதிருக்க உயரம் மாறினால் பரப்பளவு எவ்வாறு மாறும் என்று சிந்திப்பது சார்புவழிச் சிந்தனை ஆகும். அதனை வரைபடமாக வரையும் மாணவருக்கு இயற்கணிதமும் வடிவியலும் வெவ்வேறு பாடங்களாகத் தோன்றா. மாறும் வீதத்தைப் பற்றிய கேள்வியும் தானே எழும்; அதுவே நுண்கணிதத்தின் தொடக்கம்.

1905 இல் மெரான் நகரில் முன்வைக்கப்பட்ட பாடத்திட்டப் பரிந்துரைகள், சார்புவழிச் சிந்தனைக்கும் இடம்சார் உள்ளுணர்வுக்கும் முதன்மை அளித்தன. இவற்றின் பின்னணியில் கிளைனே உந்துசக்தியாக இருந்தார். ஆசிரியர்களுக்கென இவர் ஆற்றிய விரிவுரைகள், தொடக்கநிலைக் கணிதத்தை உயர்நிலையிலிருந்து நோக்கும் நூலாக 1908, 1909 ஆம் ஆண்டுகளில் இரு பகுதிகளாக வெளிவந்தன.

1908 இல் ரோம் நகரில் கூடிய பன்னாட்டுக் கணிதவியலர் பேராயம், பல நாடுகளின் கணிதக் கல்வியை ஆராய ஓர் ஆணையத்தை நிறுவியது. அதன் முதல் தலைவராகக் கிளைன் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1914 இல் மூண்ட முதலாம் உலகப் போர் அந்நாடுகளின் கூட்டுழைப்பைச் சிதைத்தது.

இறுதிக்காலம்

உடல்நலக் குறைவால் 1913 இல் கிளைன் பணி ஓய்வு பெற்றார். 1925 இல் பிரஷ்ய உயர்நிலைப் பள்ளிகளின் பாடத்திட்டத்தில் நுண்கணிதம் முறையாக இடம்பெற்றது. அதே ஆண்டில் கோட்டிங்கெனில் கிளைன் காலமானார். பன்னாட்டுக் கணிதக் கல்வி ஆணையம், கணிதக் கல்வி ஆய்வில் வாழ்நாள் சாதனை புரிந்தோருக்கு 2003 முதல் இவரது பெயரில் பதக்கம் வழங்கி வருகிறது.