ஆண்டிபட்டி ஏற்காத அம்மையார்

மூன்றாம் ஆண்டு, இளங்கலை வரலாறு

போடிநாயக்கனூரில் பொழுது விடியும் முன்பே பெண்கள் விழித்துக்கொள்கிறார்கள். தூக்குவாளியில் சோறு எடுத்துக்கொண்டு, ஜீப் ஏறி, போடிமெட்டு வளைவுகளைக் கடந்து ஏலத்தோட்ட வேலைக்கு மலைக்குப் போகிறார்கள். என் அம்மாச்சியும் அப்படிப் பல ஆண்டுகள் மலை ஏறி இறங்கியவர்தான். ஆண்டிபட்டிப் பக்கத்துச் சிற்றூரில் பிறந்து போடியில் வாழ்க்கைப்பட்டவர் அவர். அவருடைய தங்கை, எங்கள் சின்ன அம்மாச்சி, ஆண்டிபட்டியிலேயே குடும்பம் நடத்தினார்.

1989-ஆம் ஆண்டு ஜனவரி 21 அன்று தமிழகச் சட்டமன்றத்துக்குத் தேர்தல் நடந்தது. அக்காள் போடியில் வாக்களித்தார். தங்கை ஆண்டிபட்டியில் வாக்களித்தார். இருவருமே எம்.ஜி.ஆர். மீது உயிரை வைத்திருந்தவர்கள். அவர் மறைந்தபோது வீட்டில் அடுப்பு மூட்டாதவர்கள். ஆனால் அவருடைய துணைவியார் ஆண்டிபட்டிக்கே வந்து வாக்குக் கேட்டபோது, சின்ன அம்மாச்சி அவருக்கு வாக்களிக்கவில்லை. அதைச் சொல்லும்போதெல்லாம் அவர் குரல் கொஞ்சம் தாழ்ந்துவிடும். தவறு செய்துவிட்டதாக அவர் ஒருநாளும் சொன்னதில்லை. ஆனால் அந்த அம்மாவின் முகம் மட்டும் மனத்தை விட்டுப் போகவில்லை என்பார். அந்தத் தாழ்ந்த குரல்தான் இந்தக் கட்டுரையை என்னை எழுதவைத்தது.

யார் அந்த அம்மையார்? வி.என்.ஜானகி. தமிழ்நாட்டின் முதல் பெண் முதலமைச்சர். பொது அறிவுத் தேர்வுக்குப் படிக்கும் நம் தோழர்கள் இந்த ஒரு வரியை மனப்பாடம் செய்திருப்பார்கள். அந்த ஒரு வரிக்குப் பின்னால் எழுபத்திரண்டு ஆண்டு வாழ்க்கை இருக்கிறது என்பதை நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருக்கிறோம்?

அன்றைய திருவிதாங்கூர்ச் சமஸ்தானத்தைச் சேர்ந்த வைக்கத்தில் 1923 நவம்பர் 30 அன்று ஜானகி பிறந்தார். தந்தை ராஜகோபால ஐயர். தாய் நாராயணி அம்மா. தமிழ்த் தியாகையர் என்று போற்றப்படும் பாபநாசம் சிவன், அவருக்குத் தந்தையுடன் பிறந்தவர். நாட்டியம் பயின்ற ஜானகி இளம் வயதிலேயே திரைப்படத் துறைக்கு வந்தார். 1947-இல் ‘ஆயிரம் தலைவாங்கி அபூர்வ சிந்தாமணி’ படத்தில் கதாநாயகியாக நடித்தார். மறு ஆண்டு, எம்.கே.தியாகராஜ பாகவதரின் ‘ராஜமுக்தி’யில் நடித்தார். 1949-இல் அறிஞர் அண்ணாவின் கதையான ‘வேலைக்காரி’ வெளிவந்து நாடெங்கும் பேசப்பட்டபோது, அதிலும் ஜானகி இடம்பெற்றிருந்தார்.

‘ராஜமுக்தி’, ‘மோகினி’ ஆகிய படங்களில் அவருடன் நடித்தவர் எம்.ஜி.ராமச்சந்திரன். அப்போது எம்.ஜி.ஆர். பெரிய நட்சத்திரம் அல்லர். பாகவதருடன் நடித்த ஜானகியின் பெயரே அன்று முன்னால் நின்றது. 1950-இல் ‘மருதநாட்டு இளவரசி’, 1953-இல் ‘நாம்’ என்று இருவரும் இணைந்து நடித்தார்கள். அதன்பின் எம்.ஜி.ஆர். மேலே மேலே ஏறினார். ஜானகியோ திரையை விட்டு விலகி வீட்டுக்குள் சென்றார். ஜானகிக்கு முன்பே ஒரு திருமணம் நடந்திருந்தது. ஒரு மகனும் உண்டு. எம்.ஜி.ஆரின் மனைவி சதானந்தவதி 1962-இல் காலமான பிறகு, இருவரும் முறைப்படி கணவன் மனைவி ஆயினர்.

அதற்குப் பிறகு கால் நூற்றாண்டு அவர் இராமாவரம் தோட்டத்தின் இல்லத்தரசி. மேடையில் பேசியதில்லை, மாலை வாங்கியதில்லை. 1967 ஜனவரியில் எம்.ஜி.ஆர். துப்பாக்கியால் சுடப்பட்டு மருத்துவமனையில் கிடந்தார். அங்கிருந்தபடியே பரங்கிமலைத் தொகுதியில் வெற்றி பெற்றார். 1984-இல் மீண்டும் அதே நிலை வந்தது. அந்த முறை தொகுதி, நம் பக்கத்து ஆண்டிபட்டி.

இங்கே நம் மண்ணின் தேர்தல் கதையைச் சற்றுச் சொல்லியாக வேண்டும். போடியும் ஆண்டிபட்டியும் தேனியும் ஒரே ரயில் பாதையில் கோத்த ஊர்கள். 1996-இல் தேனி மாவட்டம் உருவாகும் வரை மதுரை மாவட்டத்தின் மேற்குக் கோடியாக இருந்தவை. இந்தப் பகுதிக்கும் திரைக்கலைஞர்களுக்கும் உள்ள தொடர்பு பழையது. 1962-இல் தேனித் தொகுதியில் தி.மு.க. சார்பில் வென்றவர் இலட்சிய நடிகர் எஸ்.எஸ்.ராஜேந்திரன். அவரே 1980-இல் அ.தி.மு.க. வேட்பாளராக ஆண்டிபட்டியில் வென்றார். அவருக்குப் பின் 1984-இல் எம்.ஜி.ஆர். அங்கே நின்றார்.

நின்றார் என்று சொல்வதே பொருந்தாது. அப்போது அவர் அமெரிக்காவில் புரூக்ளின் நகர மருத்துவமனையில் சிறுநீரக நோய்க்குச் சிகிச்சை பெற்றுக்கொண்டிருந்தார். வைகைக் கரைப் பக்கம் அவர் வரவே இல்லை. அவர் மருத்துவமனையில் இருக்கும் காட்சிகள் படமாக ஊர் ஊராகக் காட்டப்பட்டன. டிசம்பர் 24 அன்று வாக்குப்பதிவு. ஆண்டிபட்டி மக்கள் அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட வாக்குகளை அவருக்கு அளித்தார்கள். வித்தியாசம் முப்பத்திரண்டாயிரத்தைத் தாண்டியது. அந்த நாட்களில் கடல் கடந்த ஊரில் அவர் அருகே இருந்து பணிவிடை செய்தவர் ஜானகி அம்மையார். 1985 பிப்ரவரியில் எம்.ஜி.ஆர். நாடு திரும்பி மூன்றாம் முறையாக முதலமைச்சர் ஆனார். இந்தத் தொகுதி எங்களுடையது என்று அந்த வீட்டார் எண்ணியிருந்தால் அதில் வியப்பில்லை.

1987 டிசம்பர் 24 அன்று எம்.ஜி.ஆர். மறைந்தார். கட்சி இரண்டாகப் பிளந்தது. ஒரு பக்கம், கொள்கைப் பரப்புச் செயலாளராகவும் மாநிலங்களவை உறுப்பினராகவும் மேடைகளில் அறிமுகமாகியிருந்த ஜெயலலிதா. மறுபக்கம், சட்டமன்ற உறுப்பினர்களில் பெரும்பகுதியினரின் ஆதரவைப் பெற்ற ஜானகி. 1988 ஜனவரி 7 அன்று ஜானகி முதலமைச்சராகப் பதவியேற்றார். இந்தியாவில் 1963-இல் உத்தரப் பிரதேசத்தில் சுசேதா கிருபளானி, 1972-இல் ஒரிசாவில் நந்தினி சத்பதி எனப் பெண் முதல்வர்கள் முன்பே வந்திருந்தார்கள். தமிழகத்துக்கு ஜானகியே முதல்வர். அறுபத்து நான்கு வயதில், கணவரை இழந்த இரண்டே வாரத்தில், தாம் ஒருபோதும் அமர்ந்திராத சட்டமன்றத்தின் தலைமைப் பொறுப்பு அவருக்கு வந்து சேர்ந்தது.

அது நிலைக்கவில்லை. ஜனவரி 28 அன்று நம்பிக்கை வாக்கெடுப்பின்போது பேரவைக்குள்ளேயே கைகலப்பு மூண்டது. போலீசார் உள்ளே புகுந்து தடியடி நடத்தினர். ஜனவரி 30 அன்று அரசு கலைக்கப்பட்டுக் குடியரசுத் தலைவர் ஆட்சி வந்தது. இருபத்து நான்கு நாட்கள்! ஒரு ஏலச்செடியில் பூ காயாவதற்குக்கூடப் போதாத காலம். அந்தக் காலத்துக்குள் அவர் நல்லாட்சி தந்தாரா, தரவில்லையா என்று தீர்ப்புச் சொல்வது எவருக்கும் நியாயமாகாது.

ஓராண்டு கழித்துத் தேர்தல் வந்தது. இரட்டை இலைச் சின்னத்தைத் தேர்தல் ஆணையம் முடக்கியிருந்தது. ஜெயலலிதா அணிக்குச் சேவல். ஜானகி அணிக்கு இரட்டைப்புறா. நடிகர் திலகம் சிவாஜி கணேசன் காங்கிரசை விட்டு விலகித் தனிக்கட்சி கண்டு ஜானகி அணியோடு கைகோத்தார். ஜானகி கணவரின் ஆண்டிபட்டியைத் தேர்ந்தெடுத்தார். ஜெயலலிதா பக்கத்துத் தொகுதியான போடிநாயக்கனூருக்கு வந்தார். ஒரு தலைவரின் வாரிசு யார் என்ற வழக்கு, முப்பது கிலோமீட்டர் இடைவெளியில் இருந்த இரண்டு தொகுதிகளின் மக்கள் முன் வந்து நின்றது.

தீர்ப்பு தெளிவாக இருந்தது. போடியில் ஜெயலலிதா ஐம்பத்தேழாயிரத்துக்கும் மேற்பட்ட வாக்குகள் பெற்று, தி.மு.க. வேட்பாளர் முத்து மனோகரனை இருபத்தெட்டாயிரத்துக்கும் அதிக வித்தியாசத்தில் வென்றார். ஆண்டிபட்டியில் அ.தி.மு.க. வாக்குகள் இரு அணிகளுக்கும் சிதறின, தி.மு.க.வின் ஆசையன் வென்றார், ஜானகி தோற்றார். திருவையாற்றில் சிவாஜி கணேசனும் தோற்றார். மாநிலத்தில் தி.மு.க. பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பின் ஆட்சிக்கு வந்தது. ஜெயலலிதா அணிக்கு 27 இடங்கள் கிடைத்தன. ஜானகி அணியோ ஏறக்குறையத் துடைத்தெறியப்பட்டது. நம் போடியின் உறுப்பினர் தமிழகச் சட்டமன்றத்தின் முதல் பெண் எதிர்க்கட்சித் தலைவர் ஆனார்.

நம் பகுதி மக்கள் வெள்ளித்திரை முகத்தைக் கண்டால் மயங்கி வாக்களித்துவிடுவார்கள் என்று வெளியூர்க்காரர்கள் ஏளனமாகச் சொல்வதுண்டு. அது உண்மையானால் பாகவதருடன் நடித்த ஜானகி ஏன் தோற்றார்? இறந்தவர்மீது கொண்ட இரக்கத்தில் வாக்கு விழும் என்பார்கள். அதுவும் உண்மையானால், எம்.ஜி.ஆர். மறைந்து பதின்மூன்று மாதங்களே ஆன நிலையில் அவருடைய துணைவியாருக்கு அல்லவா ஆண்டிபட்டியில் வாக்குகள் குவிந்திருக்க வேண்டும்? கடலுக்கு அப்பால் இலங்கையில், கணவர் கொலையுண்ட மறு ஆண்டே, 1960-இல், சிறிமாவோ பண்டாரநாயக்க கட்சியைத் தேர்தலில் வெற்றிக்கு நடத்திச் சென்று பிரதமர் ஆனார். அவர் ஊர் ஊராகச் சென்று மக்களிடம் பேசினார். ஜானகி அம்மையாருக்கு மேடை பழக்கமில்லை. மக்கள் அவரை எம்.ஜி.ஆரின் இல்லத்தில் கண்டார்களே தவிர, தங்கள் தெருவில் கண்டதில்லை.

சின்ன அம்மாச்சி சொன்ன காரணமும் அதுதான். துக்கம் விசாரிக்க நூறு முறை போகலாம். ஆனால் ஊர்க் காரியத்தை ஒப்படைக்க வேறு கணக்குப் பார்க்க வேண்டும் என்பது அவர் வாதம். பள்ளிக்கூடம் போகாத பெண் அவர். துக்கத்தையும் வாக்கையும் அவர் பிரித்துப் பார்த்ததுபோல் படித்த நம்மில் எத்தனை பேர் பார்க்கிறோம்? அதே சமயம், அந்தக் கணக்கில் ஒரு நல்ல மனுஷிக்கு வலித்திருக்கும் என்பதையும் அவர் மறக்கவில்லை.

இனி ஜானகி அம்மையார் செய்ததைப் பார்ப்போம். தோற்றவர்கள் சாதாரணமாக என்ன செய்வார்கள்? வழக்குத் தொடுப்பார்கள், மக்களைத் திட்டுவார்கள், அடுத்த தேர்தலுக்குக் காத்திருப்பார்கள். அவர் அரசியலை விட்டே ஒதுங்கினார். 1989 பிப்ரவரியில் இரு அணிகளும் ஜெயலலிதா தலைமையில் ஒன்றாயின. இரட்டை இலையும் திரும்பக் கிடைத்தது. தம்முடைய சொத்தாக இருந்து கட்சியின் தலைமைக் கழகம் ஆன சென்னை லாயிட்ஸ் சாலை மாளிகையை அவர் திரும்பக் கேட்கவில்லை. அடுத்து வந்த 1991 தேர்தலில் அந்தக் கட்சி பெரும் வெற்றி பெற்றது. அதற்கான வழியில், ஒதுங்கி நின்றவரின் பங்கும் இருந்தது என்பதை மறுப்பதற்கில்லை.

எஞ்சிய காலத்தை எம்.ஜி.ஆரின் நினைவைக் காக்கும் அறப்பணிகளில் கழித்தார். இராமாவரம் தோட்டத்தில் காது கேளாத, வாய் பேசாத குழந்தைகளுக்கான பள்ளி நடக்கிறது. அடையாற்றில் ஒருகாலத்தில் படப்பிடிப்பு நடந்த சத்யா ஸ்டுடியோ இடத்தில், 1996-இல் எம்.ஜி.ஆர். – ஜானகி மகளிர் கலை அறிவியல் கல்லூரி தொடங்கியது. அதே 1996-ஆம் ஆண்டு மே 19 அன்று அம்மையார் காலமானார். இராமாவரம் தோட்டத்திலேயே அவர் நினைவிடம் உள்ளது. அந்தக் கல்லூரியில் படித்துப் பட்டம் பெறும் பெண்களின் எண்ணிக்கை ஆண்டுதோறும் வளர்கிறது. அந்த இருபத்து நான்கு நாட்களைவிட இது பெரிய கணக்கு அல்லவா?

பிற்காலத்தில் 2002 இடைத்தேர்தலில் ஆண்டிபட்டி ஜெயலலிதாவைத் தேர்ந்தெடுத்தது. 2006-இலும் அவரையே அனுப்பியது. 2019 இடைத்தேர்தலில் அண்ணன் ஒரு கட்சியிலும் தம்பி மறு கட்சியிலும் எதிரெதிரே நின்ற வேடிக்கையும் அங்கே நடந்தது. தேர்தல் வரலாற்று அட்டவணையில் 1989-க்கு நேரே வென்றவர் பெயர் மட்டும் அச்சாகியிருக்கும். தோற்றவரின் பெயர் அங்கே இராது. ஆனால் வென்றவர்களின் அட்டவணை வரலாற்றில் பாதிதான். ஒரு தொகுதி யாரை மறுத்தது, மறுக்கப்பட்டவர் அதை எப்படித் தாங்கினார் என்பது மறுபாதி.

நம்மில் பலர் முதன்முறையாக வாக்களிக்கும் வயதில் இருக்கிறோம். சிலர் நாளை தேர்தலில் நிற்கவும் கூடும். வாக்கு என்பது யாருக்கும் சீதனமாகவோ பாகப்பிரிவினையாகவோ வருவதில்லை என்று ஆண்டிபட்டி மக்கள் காட்டினார்கள். அந்த மறுப்பைப் பகையாக்காமல் ஏற்றுக்கொள்ளலாம் என்று ஜானகி அம்மையார் காட்டினார். வாக்களித்தவரும் வாக்கிழந்தவரும் தத்தம் கடமையைச் சரியாகச் செய்த தேர்தல் அது.

சின்ன அம்மாச்சி இப்போது இல்லை. இந்தக் கட்டுரை அச்சாகி வந்ததும் என் அம்மாச்சிக்குப் படித்துக் காட்டுவேன். அந்த அம்மாவின் பெயரை நம் ஊர்ப் பிள்ளை ஒருத்தி எழுதியிருக்கிறாள் என்று கேட்டால், அவர் மனம் சற்று ஆறும் என்று நம்புகிறேன்.