ஆளவந்தார் வைபவம் – தூதுவளைக் கீரையிட்டுத் திருத்திய கதை



உத்ஸவ காலத்தில் ஸேவைக்கு எழுந்தருளும் பாகவதர்களில் பலர், குழந்தைகளுக்கு நம் ஸம்ப்ரதாயத்தில் ருசி பிறக்கவில்லையே என்று அடியேனிடம் மனம் வருந்திச் சொல்வதுண்டு. அவர்களுக்காகவே ஸ்ரீ ஆளவந்தாருடைய சரித்திரத்தை இம்மலரில் விண்ணப்பிக்கலானேன்.

வீரநாராயணபுரம் என்னும் காட்டுமன்னார்கோயிலில், ஆடி மாதம் உத்திராட நக்ஷத்திரத்தில், ஈச்வரமுனிகளுக்குத் திருக்குமாரராக அவதரித்தவர் இவர். பாட்டனார் ஸ்ரீமந் நாதமுனிகள். அவர் யமுனைக்கரையை ஸேவித்து வந்ததன் நினைவாகக் குழந்தைக்கு யமுனைத்துறைவன் என்று திருநாமம் சாற்றினர். இப்பேரன் தம்முடைய காலத்தில் வளர்ந்து ஆளாகமாட்டான் என்பதை அறிந்த நாதமுனிகள், அவனைத் தர்சனத்துக்கு ஆக்கும் பொறுப்பை உய்யக்கொண்டாரிடம் வைத்தார். உய்யக்கொண்டார் அதைத் தம் சிஷ்யரான மணக்கால் நம்பியிடம் ஒப்புவித்தார். ஒரு சிறுவனுக்காக ஆசார்யர்கள் இப்படிக் கைமாற்றிக் கைமாற்றிக் காத்திருந்தார்கள்!

யமுனைத்துறைவரோ மஹாபாஷ்ய பட்டரிடம் வாசித்துக்கொண்டிருந்த இளம்பிராயத்திலேயே, வித்வான்களிடம் கப்பம் கேட்ட ராஜபுரோஹிதனான ஆக்கியாழ்வானை வாதத்துக்கு அழைத்து, ராஜஸபையில் வென்றார். அரசமகிஷி மகிழ்ந்து, தம்மை ஆள வந்தவர் என்று கொண்டாடியதால் ஆளவந்தார் என்ற பெயர் நிலைத்தது. பாதி ராஜ்யமும் கிடைத்தது. அதனால் விளைந்தது என்ன? அந்தப்புரமும் அரண்மனைக் காவலுமாக அவர் ராஜ்யபோகத்தில் ஆழ்ந்துவிட்டார். நாதமுனிகளின் பேரன் என்பது பெயரளவில் நின்றது.

மணக்கால் நம்பி வந்து பார்த்தார். வாயிற்காவலைக் கடந்து அரசனை அணுக வழியில்லை. அங்கே நின்று உரக்கக் கண்டிக்கவும் இல்லை. காலம் கெட்டுவிட்டது என்று நொந்து திரும்பவும் இல்லை. மடைப்பள்ளிப் பரிசாரகரை அறிமுகம் செய்துகொண்டு, ஸத்வகுணத்தை வளர்ப்பதான தூதுவளைக் கீரையை நாள்தோறும் கொண்டுபோய்க் கொடுத்து வந்தார். தூதுவளை கொடி முழுவதும் முள். இலையின் மேலும் முள். அதைக் கிள்ளிப் பார்த்தவர்களுக்கே அந்தச் சிரமம் தெரியும். வேதாந்தம் கற்ற பெரியவர் ஆறுமாத காலம் இதைச் செய்தார். உண்பவருக்கோ கொடுப்பவர் யார் என்றே தெரியாது.

பின்பு சில நாள் நிறுத்திவிட்டார். இலையில் கீரை காணாத அரசர் காரணம் கேட்டார். யாரோ ஒரு வ்ருத்த ப்ராஹ்மணர் கொடுத்து வந்தார் என்று தெரிந்தது. மறுபடி வந்தால் அழைத்துவரும்படி கட்டளையிட்டார். அடியேனுக்கு, கொடுத்ததைக் காட்டிலும் நிறுத்தியதே நம்பியின் ஸாமர்த்யமாகத் தோன்றும். கேள்வி சிஷ்யனிடமிருந்தே பிறந்தது அல்லவா?

எதிரில் வந்த நம்பியிடம் பொருள் வேண்டுமோ, நிலம் வேண்டுமோ என்று அரசர் வினவ, தாம் வாங்க வரவில்லை என்றும், பாட்டனார் வைத்துப்போன நிதி ஒன்று தம்மிடம் இருப்பதைக் கொடுக்க வந்ததாகவும் நம்பி விடை பகர்ந்தார். அந்த நிதியைக் காணுமுன் தாம் சொல்வதைச் சிலகாலம் கேட்கவேண்டும் என்று, ஸ்ரீகீதையின் பதினெட்டு அத்யாயங்களையும் அடைவே உபதேசித்தார். கேட்கக் கேட்க அரசருக்கு ராஜ்யத்தில் பற்று அறுந்தது. நிதியை அடையும் வழியை அவரே ஆவலுடன் கேட்டார். நம்பி அவரைத் திருவரங்கத்துக்கு அழைத்துச் சென்று, இரு ஆறுகளுக்கு நடுவே அரவணைமேல் கண்வளரும் பெரியபெருமாளுடைய திருவடிகளைக் காட்டிக்கொடுத்தார். ஆளவந்தார் அரண்மனைக்குத் திரும்பவில்லை. ஸந்யாஸாச்ரமத்தை ஏற்றுத் திருவரங்கத்திலேயே தங்கிவிட்டார். அன்று கேட்ட கீதையின் பொருளைப் பிற்காலத்தில் 32 ச்லோகங்களில் கீதார்த்த ஸங்க்ரஹமாக அருளினார். ஆகமப்ராமாண்யம், ஸித்தித்ரயம், சதுச்ச்லோகீ, ஸ்தோத்ரரத்நம் முதலியனவும் அவருடைய ஸ்ரீஸூக்திகளே.

இச்சரித்திரத்தில் ஒரு குறையும் உண்டு, அதையும் மறைக்கலாகாது. நாதமுனிகள் குருகைக்காவலப்பனிடம் வைத்துப்போன யோகரஹஸ்யத்தைப் பெற ஆளவந்தாருக்கு ஒரு நாள் குறிக்கப்பட்டிருந்தது. அரையர் ஸேவையில் திருவனந்தபுரத்துப் பாசுரங்களைக் கேட்டு உருகியவர், நாளை மறந்து அத்திருப்பதிக்குப் புறப்பட்டுவிட்டார். நினைவு வந்தபோது அந்நாள் வந்துவிட்டது. அந்த யோகம் அத்தோடு போயிற்று.

முதுமையில் காஞ்சிக்கு எழுந்தருளியபோது, யாதவப்ரகாசருடைய மாணாக்கர் கூட்டத்தில் இளையாழ்வாரைக் கண்டார். திருக்கச்சிநம்பி இன்னாரென்று காட்டினார். அருகில் அழைத்துப் பேசினால் அவருடைய படிப்புக்கு இடையூறாகும் என்று எண்ணி, தர்சனத்துக்கு அவரைத் தந்தருளவேண்டும் என்று பேரருளாளனிடம் சரணம் புகுந்து திரும்பினார். தமக்காக ஒருவர் காத்திருந்ததை அறிந்தவர் அல்லவா அவர்!

பின்னர் பெரியநம்பியைக் காஞ்சிக்கு அனுப்பினார். பெரியநம்பி வாதம் செய்யவில்லை. இளையாழ்வார் தீர்த்தம் கொண்டுவரும் வழியில் ஸ்தோத்ரரத்நத்தை அநுஸந்தித்தார். கேட்ட இளையாழ்வார் அதை அருளியவர் யார் என்று விசாரித்து, உடனே திருவரங்கத்துக்கு விரைந்தார். அவர் வந்து சேர்ந்தபோது ஆளவந்தார் திருநாட்டுக்கு எழுந்தருளிவிட்டார். சரமத்திருமேனியில் மூன்று விரல்கள் மடங்கியிருந்தன. நிறைவேறாத மூன்று மனோரதங்களை இளையாழ்வார் ஏற்றுக்கொள்ள, அவை ஒவ்வொன்றாக நிமிர்ந்தன.

பெரியநம்பி, திருக்கோட்டியூர் நம்பி, திருமாலையாண்டான், திருவரங்கப்பெருமாளரையர், திருமலைநம்பி ஆகிய ஐந்து சிஷ்யர்களும் ஆளவந்தாரிடம் தாம் பெற்றதைப் பங்கு பங்காக அந்த இளைஞருக்குக் கொடுத்தார்கள். அவரே நம் ஸ்ரீபாஷ்யகாரர்.