சிலந்தியிடம் பாடம் கேட்ட ஆசிரியர்

மூலையில் சிலந்தி வலை கண்டால் துடைப்பத்தை எடுக்கிறோம். ஒட்டடை என்று சொல்லி வாரிக் கொட்டுகிறோம். அந்தச் சின்னஞ்சிறு உயிரின் முன் நாள்கணக்கில் அமர்ந்து பாடம் கேட்ட பேரறிஞர் ஒருவர் பிரெஞ்சு நாட்டில் வாழ்ந்தார். ழான் ஆன்றி ஃபாபர் என்பது அவர் பெயர்.

மாளிகையிலா பிறந்தார்? இல்லை! 1823-ல் சான் லேயோன் என்னும் சிற்றூரில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தார். இளமையில் சந்தையில் எலுமிச்சம்பழம் விற்றார். இருப்புப்பாதை வேலையில் கூலியாளாக உழைத்தார். தேர்வில் வென்று உதவித்தொகை பெற்றுப் படித்து ஆசிரியரானார். சம்பளமோ சொற்பம், குடும்பமோ பெரிது. ஆயினும் தாமே படித்து 1855-ல் டாக்டர் பட்டமும் பெற்றார்.

அவிஞோன் நகரில் மாலை வகுப்பு நடத்தினார். பெண்களும் வந்தனர். மலர் எப்படிக் காயாகிறது என்று அவர்களுக்கு விளக்கினார். பொறுப்பார்களா பழமை விரும்பிகள்? பெண்களிடம் இதைப் பேசுவதா என்று சீறினர். 1870-ல் வேலை போயிற்று. குடியிருந்த வீடும் போயிற்று! அந்நாளில் கைகொடுத்தவர் ஆங்கிலச் சிந்தனையாளர் ஜான் ஸ்டூவர்ட் மில். அவர் தந்த 3,000 பிராங்குக் கடனை, பாடநூல்கள் எழுதிப் பிழைத்த ஃபாபர் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

1879-ல் செரிஞான் என்னும் ஊரில், உழவுக்கு உதவாத கல்லும் முள்ளும் நிறைந்த நிலத்தை வாங்கினார். அதுவே அவருடைய ஆய்வுக்கூடம்! அங்கே மண்ணில் வளை தோண்டி வாழும் சிலந்தி, தன் முட்டைப் பையை உடலோடு சுமந்து திரிவதைக் கண்டார். பையைப் பறித்துவிட்டுத் தக்கை உருண்டை ஒன்றை வைத்தார். தாய்ச் சிலந்தி அதையும் தன் பையென்றே சுமந்தது! உயிரைக் கொடுத்துக் காப்பது அறிந்து செய்யும் செயலா, பிறவியிலேயே அமைந்த இயல்பா? துண்டுத் தக்கையைக் கொண்டு அவர் எழுப்பிய வினா இது.

கண்டவற்றை 1907 வரை பத்துத் தொகுதிகளாக, எளியவரும் படிக்கும் நடையில் எழுதினார். டார்வினின் பரிணாமக் கொள்கையை அவர் ஏற்கவில்லை. அதில் டார்வின் பக்கமே அறிவியல் நின்றது. ஆனால் அந்த டார்வினே இவருடைய கூர்ந்த பார்வையைப் போற்றினார்.

1915-ல், 91-ஆம் வயதில் ஃபாபர் மறைந்தார். அவருடைய வீடு அருங்காட்சியகமாயிற்று. அவரை விரட்டியோரை யார் நினைக்கிறார்கள்?

தோழர்களே! பெண்களுக்கு அறிவைத் தந்ததற்காக வேலையிழந்த அந்த ஆசிரியரைப் போற்றுவது எளிது. நம் வீட்டுப் பெண்ணின் கையில் அறிவியல் நூல் இருக்கிறதா? அதைப் பார்ப்போம் முதலில்!